நெட்ராவிடம் இருக்கும் ஆக்சில்

கயோட்டி ஓடை முகாம், அரிசோனா
பிப்ரவரி 3, 1998

நெட்ரா,

கையெழுத்தைப் பார்த்து மிரளாதே. இது கோரா எழுதுவது. பக்கத்து வேனில் பூனை வளர்க்கிறாளே, அந்தக் கோரா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது முகாமுக்கே தெரியும், நீ சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

நலம் விசாரிக்க எழுதவில்லை. நம் வீட்டு வண்டியின் பின் ஆக்சில் உடைந்துவிட்டது. இடம் மாற்றலாம் என்று கிளப்பினேன். ஓடை மணலில் பின்சக்கரம் புதைந்தது. கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். கோழிக் கழுத்தைத் திருகின மாதிரி ஒரு சத்தம். இஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. இருபது வருஷத்துப் பழைய வண்டிக்கு எந்தக் கடையிலும் ஆக்சில் கிடைக்காது. டூசான் காயலான் கடையில் ஒன்று கண்ணில் பட்டதும் வாங்கிப் போட்டோமே, அது கார் டிக்கியில் கம்பளிக்கு அடியில் கிடக்கிறது. நீ ஓட்டிக்கொண்டு போன கார்.

அன்றைக்கு நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. ரொட்டி வாங்கப் போகிறாய் என்று நினைத்து, "பால் டின்னும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று அடியிலிருந்தே கத்தினேன். இன்னும் பால் வரவில்லை.

நேற்று அரசாங்க ரேஞ்சர் மெக்நாப் வந்தான். "பெரியவரே, பதினாலு நாளைக்கு மேல ஒரே இடத்துல நிக்கக் கூடாதுன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?" என்றான். உடைந்ததைக் காட்டினேன். மாசக் கடைசி வரை பொறுத்துக்கொள்கிறானாம். அதற்கு மேல் போனால் கட்டி இழுத்துப்போய் மாவட்டக் கொட்டடியில் போட்டுவிடுவான். அங்கே போகிற பழைய வண்டி தகரக் கட்டியாகத்தான் வெளியே வரும். அது நம் வீடு. உனக்கும் வேறு வீடு கிடையாது, எனக்கும் கிடையாது.

ஆக்சிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போ. பேச வேண்டியதில்லை.

ஓர்வல்


யூமா
பிப்ரவரி 6

ஓர்வல்,

கோராவுக்கு ஒரு வேண்டுகோள். இதை அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்துப் படிக்காதே. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பீட்டர்சன் கூடாரம் வரை கேட்கிற மாதிரிப் படி.

நான் ஏன் போனேன் என்று எல்லாரும் கேட்கட்டும். முகாமுக்கு வருகிற வழியில் சால்ட் வெல்ஸ் பெட்ரோல் பங்கில் ரேடியேட்டர் ஹோஸ் கழன்றது. நீ பானெட்டைத் தூக்கினாய். நான் கழிவறைக்குப் போனேன். காலில் வீட்டுச் செருப்பு, கையில் பை கிடையாது, தலை கூடச் சீவவில்லை. திரும்பி வந்தால் வண்டியும் பின்னால் கட்டியிருந்த காரும் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டிய ஈரம் மட்டும் இருக்கிறது.

உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு லாரிக்காரன் கேட்டான், "ஏம்மா, மறந்துட்டுப் போனாரா, வேணும்னே எறக்கிவிட்டுட்டுப் போனாரா?" இன்னொருத்தன், "வேணும்னே போறவன் இந்த ஊர்லயா எறக்கிவிடுவான், நல்ல ஊராப் பாப்பான்" என்றான். நீ வருவாயா மாட்டாயா என்று பந்தயம் கட்டினார்கள். வருவாய் என்று கட்டின ஆள் ஒருத்தர்தான், பங்க்காரர் லெஸ்டர். அதுவும் என் முகத்தைப் பார்த்துவிட்டு. உள்ளே வந்து உட்காரச் சொன்னார். என்னால் உள்ளே போக முடியவில்லை. வெயிலில் பம்புக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தாய். கதவைத் திறந்து நீ சொன்னது: "ஏறு, நேரமாச்சு."

நான் பின்கட்டிலில் படுத்திருப்பதாக நினைத்து வழியெல்லாம் திரைச்சீலையோடு பேசிக்கொண்டே போனதாக நீயே சொன்னாய். பதில் வரவில்லை என்பது உனக்கு உறைக்கவில்லை. சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் பலகை படிக்க ஆள் வேண்டியிருந்தது. அப்போதுதான் நான் இல்லை என்று கண்டுபிடித்தாய். அந்த இடத்தில் பலகை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் டெக்சாஸ் போய்ச் சேர்ந்திருப்பாய்.

ஆக்சில் பத்திரமாக இருக்கிறது. என் தங்கை இமொஜின் வீட்டு வாசலில், காரிலேயே. மாசக் கடைசி வர இன்னும் நாள் இருக்கிறது. நீயும் கொஞ்சம் நில்.

நெட்ரா


கயோட்டி ஓடை
பிப்ரவரி 9

நெட்ரா,

நீ சொன்னபடியே கோரா சத்தமாகப் படித்தாள். பீட்டர்சன் சிரித்ததில் பல்செட் மணலில் விழுந்தது. இப்போது நான் தண்ணீர் பிடிக்கப் போனால், "ஓர்வல், எல்லாரும் வண்டியில ஏறியாச்சான்னு பாத்தியா?" என்கிறார்கள். உனக்குத் திருப்திதானே.

என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் தலைக்குள்ளேதான். மொன்டானா மலையில் பிரேக் பிடிக்காமல் வண்டி இறங்கியபோது நீ என்ன செய்தாய்? கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாய். குதிக்க. என்னை ஸ்டியரிங்கோடு விட்டுவிட்டு. வண்டி ஒரு மேட்டில் ஏறி நின்ற பிறகு, "காத்து வரட்டும்னு தொறந்தேன்" என்றாய். நான் ஒரு வார்த்தை கேட்டேனா? எந்த முகாமிலாவது நாற்காலி போட்டுச் சொன்னேனா? இப்போது சொல்லிவிட்டேன். கோரா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

உபரிச் சாமான் பெட்டியும் காரில் போய்விட்டதால் கையில் அகப்படுவதை வைத்து ரிப்பேர் செய்கிறேன். தெரிந்துகொள்.

பேட்டரி ஏற்ற இஞ்சினை ஓடவிட்டேன், ஃபேன் பெல்ட் அறுந்தது. உன் கல்யாண நாள் நைலான் காலுறை இருந்ததே, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று மடித்து வைத்தது, அதை முறுக்கிக் கட்டினேன். நன்றாகச் சுற்றுகிறது. புகைக்குழாய் ஓட்டைக்கு நீ ஆப்பிள் பை சுடுகிற தகரத் தட்டை வெட்டி வளைத்துக் கம்பி போட்டேன். கூரை ஒழுகியது. பூப்போட்ட மேஜைவிரிப்பைத் தாரில் தோய்த்து ஒட்டினேன், பூ மேலே தெரிகிற மாதிரி. வெந்நீர்ப் பையை அறுத்துத் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றினேன். அடியில் படுக்க விரிப்பு வேண்டாமா? உன் நட்சத்திரம் தைத்த கம்பளம் மெத்தென்று இருக்கிறது. அதன் நிறம் இப்போது உனக்கு அடையாளம் தெரியாது.

ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று உடைகிறது. உன் அலமாரியில் இன்னும் நிறைய இருக்கிறது.

ஓர்வல்

(நெட்ரா, காலுறையை வேண்டாம் என்று நான் தடுத்தேன். கேட்கவில்லை. — கோரா)


யூமா
பிப்ரவரி 12

ஓர்வல்,

பானெட்டைத் தூக்கி வைத்து நிற்கிற வண்டியைப் பார்த்தால் நிற்காமல் போகக் கூடாது. வண்டியிலேயே வாழ்கிற நம் ஆட்களின் வழக்கம் அது. நீதான் எல்லாருக்கும் சொல்வாய், "பானெட்டைப் பார்த்து நிக்காதவன் சாலைக்கே லாயக்கில்லாதவன்" என்று. நான் அந்தப்படி நடக்க ஆரம்பித்திருக்கிறேன்.

நூலகத்து வாசலில் கனடாக்காரத் தம்பதி பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் பம்ப் போய்விட்டதாம். உன் பெட்டியில் புதுசு ஒன்று எண்ணெய்த் தாளில் சுற்றி இருந்தது. பொருந்தியது. கொடுத்துவிட்டேன். "உங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று அந்த அம்மாள் தயங்கினாள். "அவரே கொடுத்ததா வச்சுக்குங்க, ரொம்பத் தாராளமான மனுஷன்" என்றேன். அடுத்த நாள் ஒரு பாதிரியாருக்கு ஃபேன் பெல்ட், இரண்டு. அவர் உனக்காக ஜெபம் செய்வதாகச் சொன்னார். உன் பெரிய ஜாக்கி, நீ யாரையும் தொட விடாத ஜாக்கி, ஒரு வெள்ளரிக்காய் லாரிக்காரனிடம் போய்விட்டது. அவன் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு மூட்டை வெள்ளரிக்காய் கொடுத்தான். இமொஜின் ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மொன்டானாவைப் பற்றி: ஆமாம், குதிக்கத்தான் பார்த்தேன். பிரேக் போகிறது, தேய்ந்த வாடை வருகிறது என்று அடிவாரத்திலேயே சொன்னேன். "நீ மேப்பைப் பாரு" என்றாய்.

என் கம்பளத்தைத் தைக்க இரண்டு குளிர்காலம் ஆனது. அதை இங்கே எழுதிவைக்கிறேன், உன் தலையில் அதற்கு இடம் இருக்காது.

டிக்கியில் இப்போது ஆக்சில் ஒன்றுதான் பாக்கி. வாய்க்கால் பக்கமாக நடக்கப் போகும்போதெல்லாம் அது எவ்வளவு ஆழம் இருக்கும் என்று யோசிக்கிறேன்.

நெட்ரா


கயோட்டி ஓடை
பிப்ரவரி 15

நெட்ரா,

அந்த ஜாக்கியை என் அண்ணன் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தான். அவன் செத்த பிறகு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். உனக்கு அது தெரியும். தெரிந்துதான் கொடுத்திருக்கிறாய்.

சரி. கட்டிலுக்கு மேல் நீ வாசிக்கிற அக்கார்டியன் இருக்கிறது.

அதை நேற்றுக் கீழே இறக்கினேன். துருத்தித் தோல் நல்ல தோல். மெல்லிசு, எண்ணெய் குடிக்காது. ஆக்சில் மூடிக்கு வைக்கிற கேஸ்கட் கிழிந்துபோயிருக்கிறது, கடைக்காரன் கொடுக்கிற அட்டையைவிட இந்தத் தோல் பத்து மடங்கு உழைக்கும். பேனாக்கத்தியைத் தீட்டி வைத்துவிட்டேன். கோரா எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.

(எழுதினேன் நெட்ரா. ஆனால் கத்தியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். — கோரா)

வேறு கத்தி இருக்கிறது.

அக்கார்டியன் இல்லாவிட்டால் நீ எந்த முகாமுக்குப் போனாலும் இன்னொரு கிழவி, அவ்வளவுதான். சாயங்காலம் தீ மூட்டினதும் யாரும் உன்னைத் தேடி வந்து நாற்காலியைப் பக்கத்தில் போட மாட்டார்கள். ஆக்சில் வாய்க்காலில் விழுந்தால் அந்த நிமிஷமே தோலை அறுப்பேன். நான் சொன்னதைச் செய்கிறவன்.

மெக்நாப் இன்று மறுபடியும் வந்தான். இழுவை லாரிக்குச் சொல்லி வைத்துவிட்டானாம். "வருத்தமாத்தான் இருக்கு பெரியவரே, மேலே கேக்குறாங்க" என்றான். பீட்டர்சனும் மற்றவர்களும் சங்கிலி கட்டி இழுத்துப் பார்த்தார்கள். பீட்டர்சன் லாரியும் சேர்ந்து புதைந்ததுதான் மிச்சம்.

என்ன வேண்டும் உனக்கு? அதையாவது சொல்.

ஓர்வல்


யூமா
பிப்ரவரி 18

ஓர்வல்,

என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

சால்ட் வெல்ஸ் பங்குக்கு வா. 25ஆம் தேதி, புதன்கிழமை. நான் நின்ற அதே இடத்தில் நீ நிற்க வேண்டும். நான் வந்து பார்ப்பேன். பார்த்த பிறகு ஆக்சில் உனக்கு. எனக்கு வேறொன்றும் வேண்டாம், மன்னிப்புக் கூடக் கேட்காதே, உனக்கு அது கேட்க வராது. கோரா உன்னை வேனில் கொண்டுவந்து விடுவாள், அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் அங்கே செய்ய வேண்டிய வேலையை முடித்து வை. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் அதிக நாள் இல்லை. உடைந்த துண்டு உள்ளே சிக்கியிருக்கும், மறுபக்கத்து ஆக்சிலை உருவிக் கம்பியால் தள்ளினால் வெளியே வரும், வண்டிக் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. நட்டுகளைத் துடைத்து வரிசையாகத் துணியில் வை. சக்கரத்தைச் சுற்றி மணலைத் தோண்டிப் பலகை போடு. அட்டை கேஸ்கட் நான் வாங்கியிருக்கிறேன்.

அக்கார்டியனைக் கொண்டுவராதே. வெயிலில் துருத்தி வெடித்துவிடும். கட்டில் மேலேயே இருக்கட்டும். பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

நெட்ரா


கயோட்டி ஓடை
பிப்ரவரி 21

நெட்ரா,

வருகிறேன். ஒரு கிழவன் வெயிலில் நிற்பதைப் பார்க்க யூமாவிலிருந்து பெட்ரோல் செலவு செய்துகொண்டு வருகிறாய் என்றால் உன் மனசு எப்படி என்று ஊருக்கே தெரியட்டும்.

உடைந்த துண்டை எடுத்தாயிற்று. நீ எழுதின முறையில் வரவில்லை. கம்பி நுனியில் கிரீஸைத் தடவி அதில் ஒரு காந்தத்தை ஒட்டி மீன் பிடிக்கிற மாதிரி இழுத்தேன். கையேட்டில் அதைப் போடச் சொல். மறுபக்கத்தை மாட்டி இறுக்கிவிட்டேன். மணல் தோண்டிப் பலகை போட்டாயிற்று. நட்டுகள் உன் தலையணை உறையில் வரிசையாக இருக்கின்றன. ஆக்சிலை உள்ளே நுழைத்து நட்டுகளை முடுக்கினால் போதும், வேறு வேலை இல்லை. ஸ்பேனரையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், வந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று.

கொடுத்துவிட்டு நீ உன் வழியே போ. இனி பால் டின்னுக்குக்கூட உன்னைக் கேட்க மாட்டேன்.

ஓர்வல்


(நேரில் கொடுத்தனுப்பியது)
கயோட்டி ஓடை
பிப்ரவரி 25, மத்தியானம்

ஓர்வல்,

இதை லெஸ்டர் உனக்குப் படித்துக்காட்டுவார். நல்ல குரல் அவருக்கு.

நீ பங்கில் நின்றுகொண்டிருக்கிற நேரத்தில் நான் இங்கே வந்தேன். ஆக்சிலை நுழைத்தேன், நட்டுகளை முடுக்கினேன். பீட்டர்சன் தூக்கிப் பிடித்தார், கோரா லாம்பு பிடித்தாள், மத்தியான வெயிலில் லாம்பு எதற்கு என்றால் உள்ளே இருட்டாக இருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷம் நான் பிடித்திருக்கிறேன், ஒருநாளும் யாரும் எனக்குப் பிடித்ததில்லை. கையேட்டை உனக்கு நான் எத்தனை தடவை படித்துக்காட்டியிருப்பேன். உனக்கு மனப்பாடம் ஆகிறபோது எனக்கு ஆகாதா?

மெக்நாப் வந்து நின்று பார்த்தான். "வண்டி நகர்ந்தாப் போதும்மா, யார் நகர்த்துறாங்கன்னு சட்டத்துல இல்ல" என்றான். நகர்த்தினேன். முதலில் கொஞ்சம் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது, முகாம் வாசல் தூணில் மட்டும் லேசாக உரசினேன், உன் பக்கம்தான்.

கேட்டுக்கொள். வண்டி என்னோடு வருகிறது. நீ வழியில் இறக்கிவிட்டது என்னை மட்டும் என்று நினைத்திருப்பாய். இன்றைக்கு வீட்டையும் இங்கே விட்டுவிட்டுத்தான் போனாய், நான் அதை எடுத்துக்கொண்டேன். கார் உனக்கு. இந்தக் கடிதத்தோடு கோரா கொண்டுவருவாள். உன் துணிமணி பின்சீட்டில். மேப் கிடையாது, வைத்தாலும் உனக்குப் பிரயோஜனமில்லை.

லெஸ்டர், அவர் இன்னும் வெளியேதான் நிற்கிறாரா? உள்ளே கூப்பிட்டு ஒரு காபி கொடுங்கள். அன்றைக்கு நான் உள்ளே வரவில்லை, அவரும் லேசில் வர மாட்டார், இரண்டு தடவை கூப்பிடுங்கள்.

எனக்கு ஏதாவது எழுத வேண்டுமானால் நியூ மெக்சிகோவில் டெமிங் தபால் ஆபீசுக்கு எழுது, வாங்கிக்கொள்வேன். எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நெட்ரா


சால்ட் வெல்ஸ்
மார்ச் 1

நெட்ரா,

இது லெஸ்டர் எழுதுவது. கோரா இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். கார் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், பின்னால் வந்த பீட்டர்சன் லாரியில் ஏறிப் போனாள். வழியெல்லாம் என்னிடம் அவள் பூனையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

காபியை மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குடித்தேன். இங்கே காலை நேரத்தில் வருகிற லாரிக்காரர்களுக்கு என் கதை தெரிந்துவிட்டது. ஒருத்தன், "பெரியவரே, அந்தம்மா திரும்பி வருவாங்களா?" என்றான். யாரும் பந்தயம் கட்டவில்லை. வருவாய் என்று கட்ட ஆள் கிடைக்கவில்லை.

நீ செய்தது நல்ல வேலை. ஆக்சிலைப் பற்றிச் சொல்கிறேன். நட்டுகளை இறுக்கினாய், கொஞ்ச தூரம் ஓடின பிறகு இன்னொரு தடவை இறுக்க வேண்டும், அது கையேட்டில் இருக்கும், செய்திருப்பாய்.

கையேட்டில் இல்லாதது ஒன்று உண்டு. அந்த வண்டி கம்பெனி செய்த வண்டி இல்லை இப்போது. என் கை செய்த வண்டி. நீ லாம்பு பிடித்த ரிப்பேர் எல்லாம் உனக்குத் தெரியும். நீ துணி துவைக்கப் போனபோதும், கடைக்குப் போனபோதும், கோவித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தபோதும் நான் செய்தவை இருக்கின்றன. ஓரிடத்தில் மர ஆப்பு அடித்திருக்கிறேன். ஓரிடத்தில் இருக்க வேண்டிய போல்ட் இல்லை, அது வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு ஒயர் போகிற வழியே வேறு, பார்க்கிற எந்த மெக்கானிக்கும் அதைப் பிடித்துக்கொண்டு போனால் தப்பான இடத்தில் போய் முட்டுவான். அவை எல்லாம் எங்கே என்பது என் தலையைத் தவிர வேறெங்கும் இல்லை. நான் எழுதப் படிக்கத் தெரியாதவன், நெட்ரா. நீ எடுத்துக்கொண்டு போக என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

ஒன்று டெமிங் போவதற்குள் விட்டுப்போகலாம். இன்னொன்று ஏற்றத்தில் சூடேறினால் போகும். கோடை வரைக்கும் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். நீ ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டு. நான் அப்படித்தான் ஓட்டினேன். அதனால்தான் திரைக்குப் பின்னால் பதில் வராதது எனக்குக் கேட்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நீ இப்போது தெரிந்துகொள்வாய் என்று சொல்கிறேன்.

அது நிற்கும்போது பானெட்டைத் தூக்கி வை. நம் ஆட்கள் நிற்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், எட்டிப் பார்ப்பார்கள், தலையைச் சொறிவார்கள். அப்புறம் நீ எனக்குக் கடிதம் எழுதுவாய். எங்கே நிற்கிறாய், என்ன சத்தம் வந்தது, என்ன வாடை அடித்தது, அதை மட்டும் எழுது. பதில் போடுவேனா மாட்டேனா என்பதை அப்போது யோசித்துக்கொள்கிறேன். உன்னைக் கொஞ்ச நாள் நிற்க வைக்கத்தான் இப்போதைக்கு உத்தேசம்.

நான் எங்கும் போகவில்லை. லெஸ்டருக்கு ஆயில் மாற்றுகிற வேலையில் ஒத்தாசை செய்கிறேன். தபால் இங்கே காலையில் வருகிறது. காருக்குப் பெட்ரோல் நிரப்பி, டயருக்குக் காற்றுப் பிடித்து, முகத்தை டெமிங் பக்கமாகத் திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஓர்வல்